கலோ மலையிலிருந்து நீல வாண்டா கொண்டுவர நினைப்பவர்களுக்கு

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மியான்மரின் ஷான் மலையிலிருந்து ரங்கூனுக்கு இறங்கும் ராத்திரி பஸ்களில் நீல வாண்டா என்ற ஆர்க்கிட் செடி ஏறாத நாள் குறைவு. விடிகாலையில் அவுங் மிங்கலா பஸ் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையில், செய்தித்தாள் சுற்றிய வேரும் அதற்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும் நீலப் பூக்கொத்துமாக அது கண்ணில் படும். பார்க்கும்போதெல்லாம் அவரை நிறுத்தி நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்தச் செடிகளில் பெரும்பாலானவை ரங்கூனில் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவர் சொல்லவில்லை, மருந்துக்கடைக்காரர் சொல்லவில்லை, வாங்கி வளர்த்துப் பறிகொடுத்தவர்களும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாக மல்லுக்கட்டி, நாலரை லட்சம் கியாட் கையை விட்டுப் போனபிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. ரங்கூன் தம்வேப் பகுதியில் வீட்டு முன்கட்டில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறவளுக்கு அது பெரிய தொகை. அடுத்தவர் காசாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் அம்மா பிறந்து வளர்ந்தது ஷான் மலையிலுள்ள கலோ ஊரில். தாத்தா அங்கே ரயில் பாதையில் வேலை பார்த்தவர். மழை ஓய்ந்ததும் ஓக் மரக் கிளைகளில் வானம் இறங்கி உட்கார்ந்த மாதிரி நீலப் பூ பூத்துக் கிடக்கும் என்று அம்மா சொல்லிச் சொல்லி எங்கள் காது பழகிவிட்டது. முட்டிவலி வந்து அவரால் மலை ஏற முடியாமல் போனபிறகு, அந்தப் பூவை வீட்டுக்கே கொண்டுவந்து காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சித்தி இன்னும் கலோவில்தான் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும் சந்தையில் பஓ இன மலைப் பெண்கள் செடியைக் குவித்து வைத்திருந்தார்கள். மூங்கில் நாரால் கட்டுக் கட்டாகக் கட்டி, கீரைக்குப் பக்கத்தில் கிடந்தது. பூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பூவும் மூன்று நாலு அங்குல அகலம். வெளிர்நீலத்தின் மேல் அடர்நீல நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. நடுவில் உள்ள சின்ன உதட்டிதழ் மட்டும் கருநீலம். ஒரு தண்டில் பத்துப் பன்னிரண்டு பூ. "இதை ரங்கூனில் வைத்தால் வருமா, அக்கா?" என்று கேட்டேன். "வரும், தண்ணீர் ஊற்றினால் போதும்" என்றார் விற்ற பெண். ஒரு செடி பன்னிரண்டாயிரம் கியாட் என்று பேசி, பத்துச் செடி எடுத்தேன்.

அந்தக் கட்டிலேயே விஷயம் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது, படிக்கச் சொல்லித்தர ஆள்தான் இல்லை. வேர்களில் பாதிக்கு மேல் முறிந்திருந்தன. சில வேர்களில் மரப்பட்டைத் துண்டு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. இலைகளில் பாசிப் புள்ளிகள், பூச்சி கடித்த ஓட்டைகள், ஒரு செடி ஒரு முழம், இன்னொன்று ஒரு சாண். இத்தனையும் காட்டு மரத்திலிருந்து பிய்த்தெடுத்த செடிக்கு அடையாளம். தோட்டத்தில் வளர்த்த செடி அப்படி இருக்காது. கூடையிலோ சின்னத் தொட்டியிலோ இருக்கும், வேர் அந்தக் கூடைச் சட்டங்களைச் சுற்றிப் பிடித்திருக்கும், ஒரே வயதுச் செடிகள் ஒரே அளவில் வரிசையாக இருக்கும். வாங்கப் போகிறவர்கள் பூவைப் பார்ப்பதற்கு முன்னால் வேரைப் பாருங்கள். வாண்டாவுக்கு மற்ற சில ஆர்க்கிட்களுக்கு இருப்பதுபோல அடியில் குமிழ் கிடையாது. தண்ணீரைச் சேர்த்து வைக்க அதற்கு இருப்பது தடித்த இலையும் வேரும்தான். அந்த வேர் மரப்பட்டையோடு ஒட்டிப் பிறந்தது. பிய்த்தால் முறியத்தான் செய்யும். வேர் போன செடி, கையில் இருக்கிற சேமிப்பைத் தின்றுகொண்டு நாலைந்து மாதம் பச்சையாகவே நிற்கும். நாம் அதை உயிர் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

முதல் குளிர்காலம் முழுக்க எனக்குச் சந்தோஷம்தான். மலையிலேயே மொட்டு விட்டு வந்த கொத்துகள் ரங்கூனில் ஒரு மாதத்துக்கு மேல் வாடாமல் இருந்தன. அம்மா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஆனால் அந்தப் பூ மலையின் சத்தில் பூத்தது. நம் ஊர் வெயிலும் மழையும் அதற்குப் பிறகுதான் வந்தன. டிசம்பர், ஜனவரிதான் ரங்கூனில் இருப்பதிலேயே இதமான மாதங்கள். அந்த இரண்டு மாதத்தில் செடி நன்றாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், இன்னும் பத்துச் செடி வாங்கவும் கிளம்பாதீர்கள்.

மார்ச் கடைசியில் அடி இலைகள் மஞ்சளாகி விழ ஆரம்பித்தன. மேல் இலைகள் நீளவாக்கில் சுருங்கி மடிந்தன. கேட்டவர்கள் எல்லாரும் தண்ணீர் போதவில்லை என்றார்கள். ஏப்ரலில் காலையும் சாயங்காலமும் ஊற்றினேன், ராத்திரி படுக்கப் போகும் முன் ஒருமுறை தெளிக்கவும் செய்தேன். சுருக்கம் கூடிக்கொண்டே போனது. வேர் உயிரோடு இருந்தால்தான் ஊற்றுகிற தண்ணீர் இலைக்குப் போய்ச் சேரும் என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தால் பாதிச் செடி மிஞ்சியிருக்கும். வேரை நனைத்துப் பாருங்கள். நல்ல வேர் காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம், நனைந்ததும் சில நிமிஷத்தில் பச்சையாகும், விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்கும். செத்த வேர் நனைந்தாலும் பழுப்பாகவே இருக்கும், அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லாமல் நசுங்கும், இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் ஒரு நார் மட்டும் மிஞ்சும். இலை சுருங்கினால் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுத்தான் தண்ணீரைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ராத்திரிச் சூட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் பகல் வெயிலைப் பற்றித்தான் கவலைப்படுகிறோம். கலோ சுமார் 4,300 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி 10 டிகிரிக்கும் கீழே போகும். ரங்கூனில் ஏப்ரல், மே மாதங்களில் ராத்திரியிலும் 25 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. வாண்டா பகலில் இலைத் துளைகளை மூடிக்கொண்டு ராத்திரியில் திறந்து காற்றை வாங்குகிற செடி. பகலெல்லாம் சமைத்துச் சேர்த்த சர்க்கரையை ராத்திரிப் புழுக்கத்தில் மூச்சுவிட்டே தீர்த்துவிடும். காட்டு நீல வாண்டாவுக்குப் பகலுக்கும் ராத்திரிக்கும் நடுவே நல்ல வித்தியாசம் வேண்டும். அந்த வித்தியாசத்தை ரங்கூனில் நம்மால் உண்டாக்கிக் கொடுக்க முடியாது. விசிறி வைத்துப் பார்த்தேன். கரண்ட் போகும் நேரம் பெரும்பாலும் ராத்திரியாகவே அமைந்தது. ஐஸ் தண்ணீர் ஊற்றினால் குளிரும் என்று ஒருவர் சொன்ன யோசனையை மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள், மிச்சமிருக்கும் வேர் நுனியும் கருகிப்போகும்.

பிறகு மே நடுவில் மழை பிடித்தது. ரங்கூன் மழை என்ன மழை என்று நமக்குத் தெரியும், வருஷத்துக்கு 100 அங்குலத்தைத் தாண்டிக் கொட்டுகிறது, அதில் ஏறக்குறைய எல்லாமே மே முதல் அக்டோபருக்குள். ஒரு நாள் காலையில் ஒரு செடியின் நடுக்குருத்து ஈரம் கோத்தது போலக் கறுத்திருந்தது. விரலால் தொட்டதும் குருத்து இலை கையோடு வந்துவிட்டது. அடிப்பாகம் பழுப்புக் கூழ். அழுகிய முட்டைக்கோஸ் வாடை. இரண்டே நாளில் பக்கத்துச் செடிக்கும் போனது. வாண்டா ஒரே தண்டாக மேல்நோக்கி மட்டுமே வளர்கிற செடி. நடுக்குருத்து போனால் அந்தத் தலை இனி வளராது. அடியில் நல்ல வேரும் தெம்பும் இருந்தால் பக்கத்தில் குட்டி விடலாம், வேர் போன செடிக்கு அந்தத் தெம்பு ஏது? ஒவ்வொரு நாள் காலையிலும் எழுந்ததும் இன்றைக்கு எது போயிருக்குமோ என்ற பயத்தோடுதான் கதவைத் திறப்பேன். அம்மாவுக்குத் தெரியாமல் செத்த செடியை எடுத்துத் தூக்கிப்போட்டுவிட்டு, மெஷினில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பூச்செடிக்குப் போய் அழுவாளா என்று அடுத்த வீட்டில் பேசினார்கள். பேசட்டும், வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

மருந்து விஷயத்தில் என் பணம் நிறையப் போனது. கடையில் அழுகலுக்கு என்று கேட்டால் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக் கொல்லி கலந்த பொட்டலத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வாண்டாக் குருத்தைக் கறுக்க வைப்பது பெரும்பாலும் பைட்டோஃப்தோரா, பித்தியம் வகைக் கிருமிகள். அவை நீர்ப்பூஞ்சை இனம், நிஜப் பூஞ்சை அல்ல, அதனால் கார்பன்டாசிம் அவற்றை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் உள்ள மருந்தைக் கேட்டு வாங்க வேண்டும், அதையும் பக்கத்துச் செடிகளுக்கு நோய் வருவதற்கு முன்பே அடிக்க வேண்டும். கொழகொழவென்று நீர்விட்டு நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல், அதற்குச் சாதாரணப் பூஞ்சைக் கொல்லி கேட்காது. அழுகிய இடத்துக்குக் கீழே நல்ல சதை தெரியும்வரை வெட்டி எறிய வேண்டியதுதான். வெட்டுகிற கத்தரிக்கோலை ஒவ்வொரு வெட்டுக்கும் நெருப்பில் காட்டுங்கள், ஒரே கத்தரிக்கோல்தான் வீடு முழுக்க நோயைக் கொண்டுபோகும். வெட்டுவாயில் கறிக்குப் போடும் பட்டைத்தூள் தடவலாம், ஆனால் நல்ல வேரில் பட்டைத்தூள் படக் கூடாது, அதைக் காய வைத்துவிடும்.

முதல் பத்தில் கடைசியாக இரண்டு குற்றுயிராக நின்றபோதுதான் போனில் செடி விற்கும் ஒருவரின் படம் கண்ணில் பட்டது. கொத்துக் கொத்தாக நீலப் பூ. "இவை மூன்று வருஷமாக ரங்கூனில் இருக்கின்றன, சூட்டுக்குப் பழகியவை" என்று எழுதியிருந்தார். ஒரு செடி நாற்பதாயிரம். பழகியது என்றால் இந்தத் துன்பம் இருக்காதே என்று ஆறு செடிக்கு முன்பணமாகவே முழுத் தொகையும் போனில் அனுப்பினேன். இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். தீபாவளிக்கு முன் ராப்பகலாக ரவிக்கை தைத்த கூலி அது. பெட்டியைப் பிரித்தபோது அதே மரப்பட்டைத் துண்டு, அதே முறிந்த வேர், ஒரு செடியின் இடுக்கில் காய்ந்த ஓக் இலைகூட இருந்தது. மலையிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பிறகு என் எண்ணையே தடுத்துவிட்டார். அன்றைக்கு வந்த கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது, வீட்டில் யாரிடமும் தொகையைச் சொல்லவில்லை. இந்தப் "பழகிய செடி" என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். வாண்டா புதிய இடத்தில் பழகியதற்கு ஒரே அத்தாட்சி, அந்த இடத்தில் புதிதாக விட்ட வேர். பச்சையோ ஊதாவோ கலந்த, ஈரப் பளபளப்புள்ள வேர் நுனியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பூவின் படத்தை மட்டும் அனுப்பினால் விலகிவிடுங்கள். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை என்றால் ஒரு செடிக்கு மட்டும் பணம் அனுப்புங்கள்.

இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் வந்தது மேமியோவில், இப்போது பியின் ஊ லுவின் என்று பெயர் மாறிய மலை ஊர். ஒரு கல்யாணத்துக்காகப் போன இடத்தில், கண்டவ்ஜி தாவரத் தோட்டத்துக்குப் போய் ஆர்க்கிட் பகுதியிலேயே பாதி நாள் நின்றேன். அது 1915 வாக்கில் உண்டாக்கப்பட்ட தோட்டம். அங்கே செடி வளர்ப்பில் பழுத்த ஒரு பெரியவர் என் நச்சரிப்பைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து விளக்கினார். நீல வாண்டாவை வெளியுலகத்துக்கு முதலில் காட்டிய தாவரவியலாளர் வில்லியம் கிரிஃபித், 1837-இல் அஸ்ஸாமை ஒட்டிய காசி மலையில் கண்டார். 1850-இல் இன்னொரு தாவரவியலாளர் ஜோசஃப் ஹூக்கர் அதே மலையில் ஏழு ஆள் சுமை செடியைப் பிய்த்தெடுத்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார், உயிரோடு போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். இன்னொருவர் அனுப்பிய ஒரே ஒரு சுமை நைந்துபோய்ச் சேர்ந்தும் 300 பிரிட்டிஷ் பவுண்டுக்கு விற்றதாம். ஹூக்கர் ஒன்றைக் கவனித்து எழுதி வைத்தார்: மலையில் இந்தச் செடி ஓக் மரத்தில் காற்றும் வெயிலும் குளிரும் வறட்சியும் பட வெட்டவெளியில் இருக்கிறது, இங்கிலாந்திலோ அதைப் புழுங்கும் கண்ணாடி வீட்டுக்குள் அடைத்துவிடுகிறார்கள் என்று. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் வீட்டுப் பின்கட்டுதான் கண்முன் நின்றது. தகரக் கூரைக்கு அடியில், மூன்று பக்கம் சுவர், தேங்காய்மட்டை நிரப்பிய தொட்டி. நூற்று எழுபது வருஷத்துக்கு முன்பே தெரிந்த ஒன்றை இன்றைக்குச் செடி விற்கிற ஒருவர்கூட வாங்குபவரிடம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை மேற்கொண்டு பணம் போடாமல் காப்பாற்றியது. ரங்கூனில் நீல வாண்டா வேண்டும் என்றால் காட்டுச் செடியைத் தேடாதே, இரண்டு இனம் கலந்த கலப்பினத்தைத் தேடு என்றார். 1931-இல் பதிவான ரோத்ஸ்சைல்டியானா என்ற இனம் இருக்கிறது. நம் மலை நீல வாண்டாவையும் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் தாழ்வான காட்டில் வளரும் சாண்டெரியானா வாண்டாவையும் சேர்த்து உண்டாக்கியது. ஒரு பக்கத்து நீலமும் கட்டக்கோடும் வருகிறது, இன்னொரு பக்கத்திலிருந்து அகலமான இதழும் சூடு தாங்கும் குணமும் வருகிறது. தாய்லாந்திலிருந்து வரும் நீல வாண்டாக்களில் பெரும்பாலானவை இப்படிப் பல தலைமுறை கலந்தவைதான். விதையிலிருந்து ஆய்வுக்கூடத்தில் முளைத்தவை. ஆர்க்கிட் விதை தூசி போல இருக்கும், அதற்குள் சேமிப்பு உணவு கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும், ஆய்வுக்கூடத்தில் புட்டிக்குள் சர்க்கரைக் கூழில் முளைக்க வைக்கிறார்கள். அந்தச் செடி பிறந்ததிலிருந்தே கூடைக்குப் பழகியது, வேர் முறியாமல் நம் கைக்கு வருகிறது.

அப்படி ஒரு ரோத்ஸ்சைல்டியானாவை முப்பத்தைந்தாயிரம் கொடுத்து வாங்கினேன். இப்போது அதன் கூட்டாளிகள் சிலவும் சேர்ந்து நன்றாக இருக்கின்றன. வைத்திருக்கும் விதத்தைச் சொல்கிறேன். மரச்சட்டக் கூடை, உள்ளே ஒன்றுமே இல்லை, செடி அசையாமல் இருக்க நாலு கரித்துண்டு மட்டும். தேங்காய்மட்டை ரங்கூன் மழைக்கு ஆகாது, ஒரே மழைக்காலத்தில் மக்கி வேரைப் பிடித்து நனைய வைத்துவிடும். பின்கட்டை விட்டு முன்வாசல் ஓரத்தில், காற்று இரண்டு பக்கமும் ஓடுகிற இடத்தில், ஆள் உயரத்துக்கு மேலே தொங்குகின்றன. தகரத்துக்கு நேர் அடியில் தொங்கவிடக் கூடாது, அந்த அனலில் எதுவும் நிற்காது. மார்ச் முதல் மழை வரும்வரை பாதி வெளிச்சம் மறைக்கும் நிழல்வலை. இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, பூக்காது. கொஞ்சம் மஞ்சள் ஓடிய இளம்பச்சைதான் சரியான நிறம். மழைக்காலத்தில் செடிக்கு மூன்றடி மேலே தெளிவான பிளாஸ்டிக் தாள், நாலு பக்கமும் திறந்து. முதல் ஒரு மணி நேர மழையில் நனைவது செடிக்கு நல்லதுதான், நாள்கணக்கில் ஊறுவதுதான் கொல்லும்.

தண்ணீர் காலையில் மட்டும். வெயில் காலத்தில் வேர் முழுக்கப் பச்சையாகும்வரை ஊற்றி, அரை மணி கழித்து மறுபடி ஒரு முறை. சாயங்காலத்துக்குள் வேர் திரும்ப வெள்ளியாகிவிட வேண்டும். குருத்தில் தண்ணீர் தேங்கினால் பழைய பருத்தித் துணியைத் திரித்து நுனியை உள்ளே விட்டு ஒற்றி எடுத்துவிடுகிறேன், தையல்காரி வீட்டில் துணிக்கா பஞ்சம். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீர் துருவும் உப்பும், வேரில் வெள்ளைப் பொருக்கு படிந்தது. அதனால் கூரைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கிறேன். டிரம்மைக் கொசுவலை கட்டி மூடுங்கள், டெங்கு எங்கள் தெருவில் வருஷம் தவறுவதில்லை. உரம் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 20-20-20, பையில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு, வாரம் ஒருமுறை. அடர்த்தியாகப் போட்டால் வேர் நுனி கறுத்துவிடும். நத்தைக் குஞ்சுகளும் அந்த நுனியைத்தான் தின்னும், ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்துப் பொறுக்க வேண்டும். மொட்டு விரியாமல் ஓரம் கருகினால் இலைப்பேன் என்று பாருங்கள்.

மிஞ்சிய காட்டுச் செடிகளை என்ன செய்தேன் என்றால், மலைக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். முதல் பத்தில் மிச்சமிருந்த இரண்டும், ஏமாந்து வாங்கிய ஆறில் மூன்றும். செத்த வேரையெல்லாம் நறுக்கி, ஒரு நாள் முழுக்கக் காய வைத்து, செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் போக ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் நிமிர்த்தி வைத்து பஸ்ஸில் ஏற்றினேன். பிளாஸ்டிக் பையில் சுற்றினால் பத்து மணி நேரப் பயணத்தில் வெந்துவிடும். ஈரத்தோடு கட்டினால் போய்ச் சேரும்போதே அழுகல் தொடங்கியிருக்கும். சித்தி அவற்றைப் பின்வாசல் பேரிக்காய் மரத்தில், கிளை கவையில் பழைய வேட்டிக் கிழிசலால் இறுக்கிக் கட்டினார். அசைந்தால் வேர் ஒட்டாது. குளிர்காலத்தில் இலை உதிர்க்கிற மரமாகப் பார்த்துக் கட்டச் சொன்னேன், அப்போதுதான் அந்த மாதங்களில் நல்ல வெயில் கிடைக்கும். பைன் மரம் வேண்டாம், பட்டை உரிந்துகொண்டே இருக்கும். முதல் மழைக்காலத்தில் மூன்று செடி புது வேர் விட்டுப் பட்டையைப் பிடித்தன, இரண்டு போய்விட்டன. அதற்கு அடுத்த அக்டோபரில் ஒன்றில் கொத்து வந்தது. சித்தி போனில் காட்டியபோது அம்மா, "நம்ம வீட்டுப் பூ இதுதான், நிறம் பார், இங்கே வைத்திருப்பதில் இந்த நிறம் இல்லை" என்றார். உண்மைதான், கலப்பினத்தின் நீலத்தில் ஊதா அதிகம்.

சென்னையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் சொந்தக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஊருக்குத் திரும்பும்போது பெட்டிக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். மியான்மர் 1997 முதல் அழியும் உயிரின வணிக ஒப்பந்தத்தில் (CITES) இருக்கிறது. நீல வாண்டா முன்பு காட்டுச் செடி வணிகத்தையே தடுக்கும் அதன் முதல் பட்டியலில் இருந்தது, 2005 முதல் அனுமதியோடு மட்டும் விடும் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டும் தாவர நலச் சான்றும் இல்லாமல் எல்லை தாண்டினால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள். காட்டிலும் அது குறைந்துகொண்டே வருகிறது. அம்மா சின்ன வயதில் ரயிலடிக்குப் பக்கத்திலேயே பார்த்ததை, இப்போது சித்தி வீட்டுப் பையன்கள் அரை நாள் நடந்து போனாலும் பார்ப்பதில்லை. சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடப்பதில் நாம் வாங்கவில்லை என்றால் அடுத்த வாரம் ஒரு கட்டு குறைவாகத்தான் வரும்.

மேமியோப் பக்கம் ஆய்வுக்கூடக் கன்று கிடைத்தால், விலை மலிவாக இருக்கிறதே என்று சின்னதை வாங்குவதற்கு முன் இலை விரிவைப் பாருங்கள். ஒரு பக்க இலை நுனியிலிருந்து மறுபக்க இலை நுனிவரை ஒரு சாணுக்குக் குறைவாக இருந்தால் பூக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை மழைக்கால அழுகலுக்குப் பெரிய செடியைவிட அது சீக்கிரம் இரையாகும். கையில் இருக்கும் பணத்துக்கு மூன்று கன்றுக்குப் பதில், ஒரு முறை பூத்து முடித்த ஒரே ஒரு செடியை வாங்குங்கள். பழைய பூத்தண்டு வெட்டிய அடையாளம் இலைக் கக்கத்தில் காய்ந்த குச்சியாக நிற்கும். வாங்க நல்ல மாதம் நவம்பர். மார்ச் வெயில் வருவதற்குள் வேர் விட அதற்கு நாலு மாதம் கிடைக்கும்.